வேலையை விடாமலே நிறைவு காண முடியுமா? கிள்ளான் தம்பிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 34. வீடு கிள்ளானில். கோலாலம்பூரில் ஒரு ஃபார்வர்டிங் (சரக்கு அனுப்பும்) கம்பெனியில் 11 வருஷமாக ஏற்றுமதி, இறக்குமதிப் பத்திரங்கள் பார்க்கிறீர்கள். சம்பளம் பரவாயில்லை, மேனேஜரும் மோசமானவர் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு சின்னப் பிள்ளைகள்; இப்போதைக்கு வேலையை விட முடியாது. "இருக்கிற வேலையிலேயே நிறைவாக இருக்க வழி உண்டா, இல்லை, அது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் அம்மா சொன்னதையும் போட்டிருக்கிறீர்கள் (பால் மரம் என்றால் ரப்பர் மரம்): "பாட்டி விடியக்காலையில பால் மரம் வெட்டப் போனாங்க, நீ ஏர்கோன்ல உக்காந்துக்கிட்டு சலிச்சுக்கிற."

உண்மையான கேள்வி அம்மா சொன்ன அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வழி மட்டும் தேடுகிறவர் "ஏமாற்றிக்கொள்வதா" என்று சேர்த்துக் கேட்க மாட்டார். சோறு போடுகிற வேலையிடம் அதற்கு மேலும் ஒன்றைக் கேட்பது திமிரோ என்ற சந்தேகம் உங்களுக்கே இருக்கிறது. அதைப் பேசிவிட்டு மற்றதற்கு வருகிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 23 வருஷம் எச்.ஆர். (மனிதவள) பிரிவில் இருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் உட்கார்ந்து பேசி, காரணத்தைப் பாரத்தில் (படிவத்தில்) எழுதுவது என் பொறுப்பு. அந்தப் பேச்சுகளில்தான் நான் எதையாவது கற்றுக்கொண்டேன் என்றால் கற்றுக்கொண்டேன். மனநல மருத்துவம் படித்தவள் இல்லை. நான் பேசியவர்கள் எல்லாம் தொழிற்சாலையையும் அதைச் சேர்ந்த ஆபீஸையும் சார்ந்தவர்கள். ஆசிரியருக்கோ சொந்தக் கடை வைத்திருப்பவருக்கோ நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் பாட்டியும் கெடாவில் பால் மரம் வெட்டியவர்தான். பள்ளி லீவில் போய் நிற்கும்போது நான் பார்த்தது இது: பத்தரை, பதினொரு மணிக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கிற இடத்துக்கு வருவார். தராசில் வைத்ததும் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடையைச் சத்தமாகச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். பாட்டிக்கு எழுத்து தெரியாது, இருந்தாலும் ஒருமுறை எட்டிப் பார்ப்பார். நேற்றைவிடக் கூடவா, குறைவா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, அட்டை, கொசு, இருட்டு, அற்பக் கூலி. அந்த வாழ்க்கையை அழகாக்கிப் பேச எனக்கு மனமில்லை. அதிலிருந்து பிள்ளைகளை வெளியே தள்ளத்தான் அவர் பாடுபட்டார். ஆனால் அன்றைக்குச் செய்த வேலை அன்றைக்கே எடையாகக் கண்ணுக்கு முன்னால் நின்றது. உங்களுக்கு அது இல்லை. ஒரு பாரத்தை முடிக்கும்போதே அடுத்தது இன்பாக்ஸில் வந்து நிற்கிறது. முடித்தது என்ன ஆனது என்று உங்களுக்குச் செய்தி வருவது தப்பு நடந்தால் மட்டும்தான். பாட்டி பட்டது ஒரு கஷ்டம், உங்களுடையது வேறொன்று. அதைக் காட்டி இதைத் தள்ளுபடி செய்ய முடியாது. அம்மாவிடம் இதைச் சொல்லி வாதாடத் தேவையில்லை, உங்கள் மனசுக்குத் தெரிந்தால் போதும்.

சம்பளமும் மேனேஜரும் சரியாக இருந்தும் ஏன் வெறுமை என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. 1959-இல் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 எஞ்சினியர்கள், கணக்காளர்களைப் பேட்டி கண்டு எழுதினார்கள். சம்பளம், மேற்பார்வை, வேலையிடச் சூழல் இவை கெட்டால் அதிருப்தி வரும். ஆனால் இவை சரியாக இருப்பதாலேயே திருப்தி வந்துவிடாது, அது வேலையின் உள்ளிருந்து வருகிறது என்பது அவர்கள் சொன்னது. இதை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ள முடியாது. நல்லது நடந்தால் "என் திறமை" என்றும் கெட்டது நடந்தால் "கம்பெனியின் கோளாறு" என்றும் சொல்வது மனித சுபாவம், பேட்டியில் அதுதான் பதிவாகியிருக்கும் என்று பிறகு வந்தவர்கள் குறை சொன்னார்கள். நியாயமான குறை. ஆனாலும் உங்கள் கேள்விக்கு அந்தப் பிரிப்பு உதவும்: உங்களிடம் குறை இல்லாமல் இருக்கிறது, நிறைவு இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

இனி செய்ய வேண்டியதற்கு வருவோம். "என் வேலை பிடிக்கவில்லை" என்று வந்தவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மணி நேரம் பிடிக்கவில்லை?" என்பதுதான். முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள். வேலை என்பது ஒரே கட்டியாக மனசில் உட்கார்ந்திருக்கும். அதை உடைக்க வேண்டும். சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை, மணிக்கு ஒரு வரி: என்ன செய்தேன், யாரோடு, பக்கத்தில் ஒரு கூட்டலோ கழித்தலோ. விளக்கம் வேண்டாம். மத்தியானம் உட்கார்ந்து காலையை நினைத்து எழுதினால் மனசு கதை கட்டும், அதனால் அப்போதைக்கப்போது.

ஒரு டெக்னீஷியன் இருந்தார். காலை ஏழு முதல் இரவு ஏழு, 12 மணி நேர ஷிஃப்ட். சிங்கப்பூர் போகிறேன் என்று கடிதமே எழுதிவிட்டார். நோட்டு போடச் சொன்னேன், சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவந்த நோட்டில் மெஷினைத் திறந்து வேலை செய்த நேரமெல்லாம் கூட்டல். கழித்தல் எல்லாம் ஷிஃப்ட் மாறுகிற அந்த 20 நிமிஷத்தைச் சுற்றியே கிடந்தன. முந்தின ஷிஃப்ட் விட்டுப்போன கோளாறுக்கெல்லாம் இவர் எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த 20 நிமிஷம் அடுத்த நான்கு மணி நேரத்தையும் கெடுத்தது. கோளாறை எழுதி வைத்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு தாளை மாட்டினோம், அவ்வளவுதான். அவர் சிங்கப்பூர் போகவில்லை. எல்லார் கதையும் இப்படி ஒரு தாளில் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோட்டு முழுக்கக் கழித்தலாக வந்தவர்களும் உண்டு. அவர்களிடம் நான் "நில்லுங்கள்" என்று சொன்னதில்லை.

உங்கள் நோட்டில் என்ன வரும் என்று தெரியாது, ஆனால் ஒன்றை ஊகிக்க முடிகிறது. கிள்ளானிலிருந்து ஆறே காலுக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஃபெடரல் ஹைவே நெரிசல் எப்படி இருக்கும் என்று கிள்ளான்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், டெக்சாஸில் வேலை செய்யும் 909 பெண்கள் முந்தின நாளைத் துண்டு துண்டாக நினைவுகூர்ந்து மதிப்பெண் போட்டார்கள். அடிமட்டத்தில் வந்தது காலை நேரப் பயணம். டெக்சாஸ் பெண்களுக்கும் கிள்ளான் ஆணுக்கும் எல்லாம் ஒன்றாக இருக்காதுதான், ஆனால் பினாங்குப் பாலத்தில் காலை ஏழு மணிக்கு மாட்டிக்கொண்டவர்கள் சொல்லியும் நான் அதையே கேட்டிருக்கிறேன். வேலை மேல் இருக்கிற வெறுப்பில் பாதி, வேலை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே சேர்ந்துவிடுகிறது.

இங்கே சட்டம் கொஞ்சம் கை கொடுக்கும். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தில், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆனால் எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும் என்பதே ஒரு பலம். "வீட்டிலிருந்து வேலை வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டதைவிட, "வாரத்தில் இரண்டு நாள் ஏழு மணிக்கே தொடங்கி நாலு மணிக்கு முடிக்கிறேன், கப்பல் கட்-ஆஃப் (சரக்கு ஒப்படைக்கும் கடைசி) நாட்களில் இருக்கிறபடியே இருக்கிறேன்" என்று கணக்காகக் கேட்ட விண்ணப்பங்கள்தான் என் மேசையில் அதிகம் தேறின.

அடுத்து, பாட்டி பார்த்த அந்தத் தராசு. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். எங்கள் ஷிப்பிங் பிரிவில் ஒரு பெண் ஒன்பது வருஷமாகக் கே-2 பாரம் (ஏற்றுமதிச் சுங்கப் படிவம்) போட்டுக்கொண்டிருந்தார், உங்களைப் போலவே. சத்தம் போடாத, தப்பு விடாத ஆள். ஒருநாள் "அக்கா, நான் போடுறது எங்க போகுதுன்னே எனக்குத் தெரியாது" என்றார். நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை, எனக்கே வெட்கமாக இருந்தது. லாரி கம்பெனிக்காரரிடம் சொல்லி, பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்துக்கு அவரைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தேன். நானும் போனேன். சேஃப்டி ஷூ அவருக்கு இரண்டு சைஸ் பெரிது, டக் டக் என்று நடந்தார். கன்டெய்னர் நம்பர் உங்களுக்குத் தெரியும், நாலு எழுத்து, ஏழு இலக்கம், கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்க. அவர் ஒவ்வொரு பெட்டியையும் படித்துக்கொண்டே வந்தார். திடீரென்று நின்று, "இது நான் காலையில அடிச்சது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கிரேன் அதைத் தூக்கும்வரை அங்கேயே நின்றார், நாங்களும் நின்றோம். அந்த வாரம் அவரே போய்க் கிடங்குப் பையன்களிடம் பேசி, எந்தத் தப்பு எங்கே போய் இடிக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வாங்கினார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை, அவர் போட்ட எத்தனை கன்டெய்னர் தடையில்லாமல் போயின என்று தானே எண்ணித் தன் மேசைக் காலண்டரில் எழுதி வைத்தார். யாரும் எழுதச் சொல்லவில்லை.

இதற்கு ஆய்வுத் துணையும் இருக்கிறது. 2007-இல் உளவியலாளர் ஆடம் கிராண்டும் சகாக்களும் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனில் நன்கொடை கேட்கும் ஊழியர்களைப் பார்த்தார்கள். அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை ஒரு குழு சில நிமிஷம் நேரில் சந்தித்தது, மற்றவர்கள் சந்திக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், சந்தித்தவர்கள் போனில் செலவழித்த நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம். பெரிய எண்கள்தான், ஆனால் சின்னக் குழு, ஒரே இடம், ஒரு மாதம். வருஷக் கணக்கில் அது நிலைக்கும் என்பதற்கு அந்த ஆய்வு அத்தாட்சி ஆகாது. எங்கள் ஷிப்பிங் பெண்ணுக்கு இரண்டு வருஷம் தாங்கியது, அப்புறம் கொஞ்சம் மங்கியது, மறுபடி ஒருமுறை போய்ப் பார்த்தார். மங்கும், திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதுதான் என் அனுபவம்.

வேலையைக் கொஞ்சம் நம் கைக்கு ஏற்ற மாதிரி வளைப்பது பற்றியும் பேச வேண்டும். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் இதைப் பற்றி எழுதியபோது, ஆஸ்பத்திரித் துப்புரவு ஊழியர்களை உதாரணம் காட்டினார்கள். ஒரே வேலைதான், சிலர் தரையைத் துடைப்பதோடு நிறுத்தினார்கள், சிலர் நோயாளியோடும் வந்தவர்களோடும் பேசி, நர்ஸுக்கு எந்த நேரம் தோது என்று பார்த்துத் தங்கள் சுற்றை மாற்றிக்கொண்டு, தாங்களும் குணப்படுத்தும் வேலையில் பங்கு என்று நினைத்தார்கள். இதற்கு முன் 1997-இல் ரெஸ்னெஸ்கி செய்த ஆய்வில், 24 கல்லூரி அலுவலக உதவியாளர்கள் ஏறக்குறைய மூன்று சம பங்காகப் பிரிந்தார்கள்: சம்பளத்துக்கான வேலை, முன்னேற்றத்துக்கான படி, தனக்கென்று அமைந்த பணி என்று. வேலையின் பெயர் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை என்பது தெரிகிறது. ஆனால் மனநோக்கு நன்றாக இருந்ததால் திருப்தி வந்ததா, திருப்தி இருந்ததால் நோக்கு நன்றாக இருந்ததா என்பதை 24 பேரை வைத்துச் சொல்ல முடியாது.

உங்கள் விஷயத்தில் வளைப்பது என்றால் என்ன? புதிதாகச் சேர்ந்தவருக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்றும், அது மட்டும் பிடிக்கிறது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நோட்டிலும் அதற்குக் கூட்டல் விழுந்தால் அதைப் பெரிதாக்குங்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, நானே மாட்டிவிட்ட கதை. கொள்முதல் பிரிவில் ஒரு பெண்ணை, பிடித்த வேலையை எடுத்துச் செய்யம்மா என்று நான்தான் ஊக்கப்படுத்தினேன். ஜூனியர்களுக்குப் பயிற்சி எடுத்தார், அருமையாக எடுத்தார். ஆறு மாதத்தில் பயிற்சி முழுக்க அவர் தலையில் விழுந்தது. பழைய வேலை ஒரு துளி குறையவில்லை, சம்பளம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடவில்லை. இழுக்கிற மாட்டைத்தான் இன்னும் இழுக்கச் சொல்வார்கள். ஒன்றரை வருஷத்தில் என் முன்னால் கடைசி நாள் பாரத்தோடு உட்கார்ந்தார். அதனால் இப்போதெல்லாம் நான் சொல்வது: ஒன்றைச் சேர்க்கும் நாளிலேயே எதைக் கழிப்பது என்று மேனேஜரிடம் பேசுங்கள், பேசியதை அன்றைக்கே ஈமெயிலில் போட்டு வையுங்கள்.

பயிற்சி என்றதும் ஒரு சின்ன விஷயம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள, சட்டத்துக்கு உட்பட்ட துறைக் கம்பெனிகள் சம்பளத்தில் ஒரு சதவீதத்தை அரசின் மனிதவள மேம்பாட்டு நிறுவனமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்குத்தான். எங்கள் இடத்தில் அதைக் கேட்டு வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இருப்பு எவ்வளவு என்று உங்கள் எச்.ஆரிடம் கேளுங்கள், கேட்பதற்குக் காசு இல்லை.

சரி, இவை எதுவும் உதவாத இடமும் உண்டு. சம்பளத்தில் ஏமாற்றுகிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள், நேரத்தைத் திருடுகிறார்கள் என்றால் நோட்டும் தராசும் அதைச் சரிசெய்யாது. வார வேலை நேரம் அதே திருத்தத்தில் 48-லிருந்து 45 மணிக்குக் குறைக்கப்பட்டது. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் உள்ள ஆபீஸ் ஊழியருக்கு ஓ.டி. (கூடுதல் நேர) காசு கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; அதனால் உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கோபத்தில் ராஜினாமா கொடுக்க நினைத்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள்: சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதி வேலை இழந்தவருக்குத்தான், தானாக விட்டவருக்குக் கிடைக்காது. அப்புறம், வயிற்றைப் பிசைவது ஞாயிறு சாயங்காலத்தோடு நிற்கிறதா? சனிக்கிழமை பிள்ளைகளோடு இருக்கும்போதும் எதிலும் மனசு ஒட்டவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் அது வேலை சம்பந்தப்பட்டது மட்டும் இல்லாமல் இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்-அவுட்' என்பதை வேலையோடு மட்டுமே தொடர்புபடுத்தி விவரித்தது: ஓய்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செய்யும் திறன் குறைவதாக உணர்வது. வாழ்க்கை முழுக்க அப்படி இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். என் பதிலைப் படித்துவிட்டு அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஏமாற்றிக்கொள்வதா என்று கேட்டீர்கள். என் அளவுகோல் இது: உங்கள் தலைக்கு வெளியே ஏதாவது மாறியிருக்கிறதா? கிளம்பும் நேரம், பார்க்கும் ஆட்கள், கையில் எடுக்கும் வேலை, இதில் ஒன்றாவது மாறியிருந்தால் அது ஏமாற்று இல்லை. ஒன்றும் மாறாமல் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று தினமும் கண்ணாடியில் சொல்லிக்கொள்வதுதான் ஏமாற்று. அதைத்தான் பல கம்பெனிகள் மோட்டிவேஷன் கோர்ஸ் என்று ஹோட்டலில் சாப்பாட்டோடு நடத்துகின்றன. நானும் ஏற்பாடு செய்திருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கும்.

தம்பி, உங்கள் கேள்வியில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. கிள்ளான் துறைமுகத்துக்குப் பத்திரம் போடுவதற்காகத் துறைமுகத்தின் பக்கத்து வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு மணி நேரம் எதிர்த்திசையில் போகிறீர்கள். கன்டெய்னர் லாரிகளைத் தினமும் பார்த்திருப்பீர்கள், உங்கள் பாரத்தில் இருக்கிற நம்பரைப் பெட்டியின் மேல் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் லாரிக்காரரிடம் கேளுங்கள், கூட்டிப்போவார். நுழைவு பாஸுக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், சேஃப்டி ஷூ உங்கள் சைஸில் கொண்டுபோங்கள். அன்றைக்குக் காலையில் நீங்களே அடித்த நம்பர் ஒன்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு, விட்டால் அம்மாவுக்கு ஒன்று அனுப்புங்கள்.